டர்ன் டவுன் என்றால் போர்வையை மடிப்பது

1

ங்ஙீஈஈஈ என்று கட்டடமே அலறியது.

காலை பதினொன்றே கால். மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கடற்கரை விடுதியின் (பெயர் வேண்டாம், அடுத்த முறையும் நான் அங்கே தங்க வேண்டும்) அத்தனை அறைகளிலிருந்தும் விருந்தினர்கள் வெளியே ஓடி வந்தார்கள். ஒருவர் முகத்தில் பாதி சவரம். ஒரு அம்மாள் காலை உணவின் மிச்ச வடையைக் காப்பாற்றிக் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் லுங்கியோடு வந்தேன். என் தொடர்கதையின் கையெழுத்துப் பிரதியை அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்பதைப் பாதிப் புல்தரையில்தான் உணர்ந்தேன். திரும்பப் போக வேண்டும் என்று தோன்றவில்லை. என் எழுத்தைப் பற்றி எனக்கே இருக்கும் அபிப்பிராயம் அன்று தெரிந்தது.

தீ எங்கும் இல்லை. தாழ்வாரச் சுவரில் இருந்த சிவப்புப் பெட்டியின் முன்னால், கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பெட்டியின் கண்ணாடி உடைந்திருந்தது.

"டீ குடிக்க கிளாஸ் எடுக்கலாம்னு பாத்தேன் சார்" என்றாள்.

இந்தக் கதை பிறந்த இடம் அதுதான். உத்வேகம், தரிசனம், அடிமனத்தின் ஆழம் என்றெல்லாம் பேட்டிகளில் சொல்வது வழக்கம். நடந்தது இதுதான்: ஒரு டீ கிளாஸ், ஒரு அலாரம், ஒரு லுங்கி.

2

ஆனால் கதை எழுத வேண்டிய கட்டாயம் அதற்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. வார இதழ் ஆசிரியர் தட்சணாமூர்த்தி போனில் வந்தார்.

"சார், இப்ப கதைக்காக எவனும் பத்திரிகை வாங்கறதில்ல. படிச்சா ஏதாச்சும் பிரயோஜனம் இருக்கணும். ஒரே பக்கத்துல கதையும் வேணும், இங்கிலீஷும் வேணும்."

"ரெண்டும் எப்படிங்க?"

"பத்து வார்த்தை அனுப்பறேன். கதைக்குள்ள அங்கங்க செருகிடுங்க. வாசகர் சந்தர்ப்பத்த வச்சே அர்த்தத்தப் புரிஞ்சிக்கணும். புரியாதவங்களுக்கு அடைப்புக்குறிக்குள்ள விளக்கம். சிம்பிள்."

பத்து வார்த்தைகள் வாட்ஸ்ஆப்பில் வந்தன. பிரேக், கெஸ்ட், வேகன்ட், காம்ப்ளிமென்டரி, ரிலக்டன்ட், சீசன், செட்டில், எம்பாரஸ், டர்ன் டவுன், கன்ஃபர்ம். எந்தச் சந்தையில் எந்தக் கூறிலிருந்து அள்ளினார் என்று தெரியவில்லை. சாம்பாருக்குக் காய் வாங்கப் போனவர் கையில் கிடைத்ததை எல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்த மாதிரி இருந்தது.

நானும் தொழில்காரன். உட்கார்ந்து எழுதினேன்.

'மரக்காணத்தில் உப்பு வெள்ளை வெளேரென்று

(நிறுத்திவிட்டேன். உப்பு வேறு எந்த நிறத்தில் இருக்கும்?)

'கடற்காற்று காம்ப்ளிமென்டரியாக வீசிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், ரிலக்டன்ட்டான ஒரு இளைஞன், வேகன்ட்டான ஒரு படகின் மேல்

(இந்த இளைஞனை நானே கடலில் தள்ளிவிட்டேன். நீச்சல் தெரியாதவன்.)

இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் அலாரம் அடித்தது. பட்டியலின் முதல் வார்த்தை கட்டை விரலில் ரத்தத்தோடு என் முன்னால் வந்து நின்றது.

[வார்த்தை ஒன்று. பிரேக்: ஓய்வு. பிரேக்: உடை. பிரேக்: வண்டியை நிறுத்துவது, எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று. வெள்ளைக்காரர்கள் தீ விபத்துக்காக வைத்த பெட்டியில் 'கண்ணாடியை உடை' என்று எழுதினார்கள். அதே எழுத்து, பதினொரு மணிக்கு டீ குடிக்கும் மக்களுக்கு 'ஓய்வு நேரக் கிளாஸ்' என்றும் படும். எந்த அகராதியும் இதற்குப் பொறுப்பேற்காது.]

3

அவள் பெயர் மேரிசெல்வி. வயது முப்பத்தாறு. மரக்காணம் உப்பளத்தில் பதினெட்டு வருடமாக வேலை. பாத்தியில் ஆண்கள் பலகையால் வாரி ஒதுக்கும் உப்பைக் கூடையில் அள்ளி, வரப்பு வழியே நடந்து, கரையில் குவிப்பது. பத்தாவது வரை படித்தவள் என்பதால் ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிப்பாள்.

அவளோடு ஜோடியாகக் கூடை சுமப்பவர் பாஞ்சாலை. பத்து வயது மூத்தவர். மேரிசெல்விக்கு அக்கா. உறவுமுறையில் இல்லை, ஒரே கூடையை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கித் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்ட முறையில்.

பாஞ்சாலையின் இடது கண்ணில் சதை வளர்ந்துகொண்டிருந்தது. மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கிச் சின்ன விரல் நகம் போல ஒரு படலம். உப்பில் பட்டுத் திருப்பி அடிக்கும் வெயில் செய்கிற வேலை. புதுச்சேரியில் பார்த்த டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: இன்னும் ஒரு சீசன் அந்த வெயிலில் நின்றால் படலம் கண்பாப்பாவை மூடிவிடும். வெட்டி எடுத்தாலும், திரும்ப அங்கே போய் நின்றால் திரும்ப வளரும். நிழலில் வேலை தேடுங்கள்.

(கறுப்புக் கண்ணாடி போடக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். போட்டார். வியர்வையில் வழுக்கி வழுக்கிப் பாத்தியில் விழுந்தது. மூன்றாவது நாள் யாரோ 'கதாநாயகி வந்துட்டாங்கப்பா' என்றார்கள். நான்காவது நாள் போடவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் விடுதிக்காரர்கள் அறைகளைப் பராமரிக்க உள்ளூர்ப் பெண்கள் தேவை என்று அறிவித்தார்கள். இரண்டு வாரம் பயிற்சி. அறுபது ஆங்கில வார்த்தைகள் கற்றுத் தருவார்கள். கடைசி நாள் பரீட்சை. பன்னிரண்டு பேரில் ஐந்து பேருக்கு வேலை. கூரைக்குக் கீழே வேலை.

"அக்கா, உனக்குன்னே வந்த மாதிரி இருக்குது. பேரு குடுத்துட்டு வரலாம் வா" என்றாள் மேரிசெல்வி.

"அடிப்போடி. எனக்கு இங்கிலீஷ்ல அண்டர்வேர் தவிர ஒண்ணும் தெரியாது."

"அதான் கத்துக் குடுப்பாங்களாமே."

"நீ வந்தா வர்றேன். நீ வரலன்னா நான் ஏன் போறேன்? அங்க போயி எவகூடப் பேசறது?"

"சரி, நானும் வர்றேன்."

"வர்றது மட்டும் இல்லடி. வேல கெடச்சா ரெண்டு பேருக்கும் கெடைக்கணும். இல்லன்னா ரெண்டு பேரும் பாத்திக்கே போயிடுவோம். சொல்லிட்டேன். ஒத்தையா நான் போக மாட்டேன்."

இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். நான் சரியாகக் கவனிக்கவில்லை. பத்து வார்த்தைகளை எங்கே செருகுவது என்ற கவலையில் இருந்தேன்.

[வார்த்தை ஐந்து. ரிலக்டன்ட்: மனமில்லாமல் ஒரு காரியத்துக்கு இறங்குவது. எ.கா.: பாஞ்சாலை. இன்னொரு எ.கா.: இந்த எழுத்தாளர்.]

4

பயிற்சி கொடுத்தவன் சித்தார்த்தன். இருபத்தாறு வயது. சென்னையிலிருந்து வந்தவன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட அறுபது அட்டைகள். கெட்டவன் இல்லை. கதைக்கு ஒரு கெட்டவன் கிடைத்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"யாரும் தமிழ்ல மீனிங் எழுதாதீங்க" என்றான் முதல் நாளே. "கான்டெக்ஸ்ட்ல புரிஞ்சிக்கோங்க. உங்க டெய்லி லைஃப்ல அந்த வேர்ட எங்க யூஸ் பண்ணுவீங்க, அத யோசிங்க."

பன்னிரண்டு பெண்களும் தலையாட்டினார்கள். அவர்களுடைய அன்றாட வாழ்க்கையோடு அறுபது வார்த்தைகளையும் மேரிசெல்வி ஒரு நோட்டில் பொருத்தி எழுதினாள். புல்தரையில் அவள் எனக்குக் காட்டினாள். சிலவற்றை அப்படியே தருகிறேன்.

வேகன்ட்: ஆள் இல்லாதது. மழை வந்தால் உப்பளம் வேகன்ட்.

சீசன்: வேலை இருக்கிற மாதம். ஆஃப் சீசன்: ஐப்பசி, கார்த்திகை.

காம்ப்ளிமென்டரி: கேட்காமலே கொடுப்பது. வெயில்.

செட்டில்: தண்ணீர் வற்றி உப்பு அடியில் படிவது. பெண்ணுக்குக் கல்யாணம் ஆவதும் செட்டில்.

கெஸ்ட்: சொந்தக்காரர் இல்லை, ஆனால் சொந்தக்காரரைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியவர்.

நான் முப்பது வருடமாக எழுதுகிறேன். இவ்வளவு சுருக்கமாக எழுத எனக்கு வரவில்லை. (பத்திரிகை வரிக்கணக்கு பார்ப்பது ஒரு காரணம்.)

டர்ன் டவுன் என்ற வார்த்தை வந்த நாள் வகுப்பில் கலவரமே நடந்திருக்கிறது. மேரிசெல்வி சொன்னதிலிருந்து எழுதுகிறேன். சித்தார்த்தன் ஒரு கட்டிலை இழுத்துப் போட்டு விளக்கினான். சாயங்காலம் ஆறு மணிக்கு விருந்தினர் அறைக்குப் போக வேண்டும். திரைச்சீலையை இழுத்துவிட வேண்டும். போர்வையின் ஒரு முனையை முக்கோணமாக மடித்துவிட வேண்டும். தலையணை மேல் ஒரு சாக்லேட் வைக்க வேண்டும். இதற்குப் பெயர் டர்ன் டவுன்.

பாஞ்சாலை எழுந்தார். "ஏன் தம்பி, படுக்கப் போறவனுக்குப் போர்வைய வெலக்கத் தெரியாதா?"

"தெரியும்மா. பட் அது ஒரு லக்சுரி."

"கை கால் நல்லா இருக்குது இல்ல அவங்களுக்கு?"

"இருக்கும்மா."

"பல்லு வெளக்கிட்டுப் படுக்கறவனுக்குச் சாக்லேட்டு வேற! யாருப்பா இத கண்டுபிடிச்சான்?"

பன்னிரண்டு பேரும் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார்களாம். அன்றைக்கு ஊர் திரும்பும் ஷேர் ஆட்டோ முழுக்க இதே பேச்சு. யார் கொட்டாவி விட்டாலும், 'ஏய், அவளுக்கு ஒரு டர்ன் டவுன் போடுங்கடி.'

5

இனி அலாரத்துக்கு வருவோம். வரிசை தப்புகிறது, தெரியும். முன்பின்னாகச் சொன்னால் இலக்கியம் என்பார்கள் என்று ஒரு ஆசை.

அன்று டீ பிளாஸ்கில் வந்தது, டம்ளர் வரவில்லை. சித்தார்த்தன் போனில் பேசிக்கொண்டே, "கிளாஸ் அங்க இருக்கும் பாருங்க" என்று தாழ்வாரத்தின் பக்கம் கையை வீசினான். மேரிசெல்வி போனாள். சிவப்புப் பெட்டி. மேலே பொடி எழுத்தில் ஏதோ. கீழே பெரிய எழுத்தில் இரண்டு வார்த்தைகள். கூட்டிப் படித்தாள். பிரேக். கிளாஸ். முதலாவது நான்காம் நாள் பாடம்: ஓய்வு. இரண்டாவது எல்லாருக்கும் தெரிந்தது: டம்ளர். இவ்வளவு துல்லியமாக ஒரு வாக்கியம் அவளுக்கு அதுவரை புரிந்ததே இல்லை. மூடியைத் திறக்கலாம் என்று கட்டை விரலால் அழுத்தினாள்.

ங்ஙீஈஈஈ.

எல்லாம் அடங்கிய பிறகு புல்தரையில் என் பக்கத்தில் நின்றவள் கேட்டாள். "சார், நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. பிரேக்னா ரெஸ்ட்டுன்னுதான சொன்னாங்க?"

லுங்கியோடு நின்றாலும் படித்தவன் மாதிரி தெரிந்தேன் என்பதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. விட்டுவிடுவேனா? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"அம்மா, இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்னு நம்பக் கூடாது. முதல் அர்த்தம் சிரிச்சிக்கிட்டு முன்னாடி நிக்கும். ரெண்டாவது அர்த்தம் பின்னாடி ஒளிஞ்சிருக்கும். அடிபடறது எப்பவும் ரெண்டாவதுலதான்."

"அப்ப இந்த அறுபதுக்கும் ரெண்டாவது இருக்குதா?"

"பெரும்பாலும் இருக்கும்."

"அய்யோ மாதாவே" என்று நோட்டை மூடினாள்.

நான் திருப்தியோடு அறைக்குப் போய், சொன்ன வாக்கியத்தை மறப்பதற்குள் எழுதி வைத்துக்கொண்டேன். 

[வார்த்தை எட்டு. எம்பாரஸ்: நாலு பேர் முன்னால் கூச வைப்பது. லுங்கி கட்டிய விருந்தினரைப் பார்த்து விடுதி மேலாளர் அடைந்த நிலை.]

6

சனிக்கிழமை பரீட்சை. பன்னிரண்டு மணிக்கு முடிவு சொன்னார்கள்.

இங்கே கதையில் ஒரு சிக்கல். நான் சந்தேகப்பட்ட பாத்திரம் மேரிசெல்வி இல்லை. பாஞ்சாலை. அறுபதில் பதினாறு வார்த்தைகள்தான் சொன்னார். வேகன்ட்டை வெக்கேஷன் என்றார். அப்படிப்பட்டவர் தேர்வானார் என்று எழுதினால் வாசகர் நம்புவாரா? எழுதிப் பார்த்தேன்: 'பாஞ்சாலையின் உழைப்பைக் கண்ட நிர்வாகம் மனம் நெகிழ்ந்து

(நெகிழ்ந்த நிர்வாகத்தை நீங்கள் பார்த்ததுண்டா? அடித்துவிட்டேன்.)

உண்மையான காரணம் எளிமையானது. படுக்கை விரிக்கச் சொன்னார்கள். பாஞ்சாலை வெள்ளை விரிப்பை உதறிப் போட்டு, நான்கு ஓரமும் இழுத்துச் செருகினார். பாத்தி கட்டிச் சமன் செய்த கை. சுருக்கம் இல்லை, மேடு பள்ளம் இல்லை. மேலே தண்ணீர் ஊற்றினால் நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில் நின்றிருக்கும். மேலாளர் அந்தப் படுக்கையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். அறுபது வார்த்தை கற்றுக்கொடுத்து, படுக்கை விரிப்பைப் பார்த்து ஆள் எடுக்கும் நிர்வாகத்தை நான் குறை சொல்ல மாட்டேன். என் கதைகளையும் அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

மேரிசெல்வி ஐம்பத்தேழு வார்த்தைகள் சொன்னாள். முதலிடம்.

அவளை மட்டும் சித்தார்த்தன் ரிசப்ஷன் மேசைக்கு அழைத்தான். நான் பக்கத்து சோபாவில், தலைகீழாகப் பிடித்த செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தேன். கேட்டது இதுதான்.

"மேரிசெல்வி, யூ டிட் வெரி வெல். பட் அந்த அலாரம் இஷ்யூ இருக்குல்ல. கெஸ்ட் ரெண்டு பேர் கம்ப்ளெயின்ட் குடுத்துட்டாங்க. சோ மேனேஜ்மென்ட் உங்க அப்ளிகேஷன டர்ன் டவுன் பண்ணிட்டாங்க. ஆல் த பெஸ்ட்."

சாரி என்ற வார்த்தையை அவன் சொல்லவில்லை. அவனுக்கும் யாரோ ஒரு பயிற்சி கொடுத்திருப்பார்கள். தமிழில் சொல்லவும் இல்லை. 'உனக்கு வேலை இல்லை' என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மனசு வேண்டும். ஆங்கிலத்துக்கு அந்தச் செலவு இல்லை.

மேரிசெல்வி ஒரு நொடி நின்றாள். பிறகு சிரித்தாள். "தேங்க்யூ சார்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செய்தித்தாளை நேராக்கினேன். பாவம், இவளுக்குத் தெரிந்த டர்ன் டவுன் ஒன்றுதானே? தன் விண்ணப்பத்தை அழகாக முக்கோணமாக மடித்து, மேலே ஒரு சாக்லேட் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்!

[வார்த்தை ஒன்பது. டர்ன் டவுன்: அட்டையைப் பார்க்க. அட்டையில் இல்லாததைப் பார்க்கவே வேண்டாம்.]

7

அவள் பின்னாலேயே போனேன். எழுத்தாளனின் அக்கறை என்று நான் சொல்வேன். வீட்டில் இதற்கு வேறு பெயர்.

வாசலில் புங்க மரத்தடியில் சிமென்ட் பெஞ்ச். பாஞ்சாலை மடியில் ஜாயினிங் ஃபார்ம். பேனா மூடி திறந்திருந்தது. கையெழுத்து இடம் காலி. ஒரு மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் ஆறாவது பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். பாஞ்சாலை இடது கண்ணைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"உனக்கு என்னாடி சொன்னான் அந்தத் தம்பி?"

"என்னை டர்ன் டவுன் பண்ணிட்டாங்கக்கா."

"டர்ன் டவுனா?" பாஞ்சாலையின் முகம் மலர்ந்தது. "சாயங்கால டூட்டியா? எனக்குக் காலையில ஏழுலேருந்து மூணு வரைக்கும் போட்டிருக்காங்க. உன்னைய பாரு, வெயிலு தாழ்ந்தப்புறம் நோகாம வந்து, நாலு போர்வைய மடிச்சி நாலு சாக்லேட்டு வெக்கிறதுக்கா எடுத்திருக்கான்?"

"நீ மொதல்ல கையெழுத்தப் போடுக்கா. மணி ஆவுது."

"போடறேன் இருடி. அம்பத்தேழு வார்த்தை சொன்னவளுக்குப் போர்வை மடிக்கிற வேலை. பதினாறு சொன்னவளுக்குக் கக்கூஸு கழுவற வேலை. படிச்சவ படிச்சவதான்!" பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "சாக்லேட்டு மிச்சமானா எனக்கு எடுத்துட்டு வா. நீயே முழுங்கிடாத."

"போடுக்கா" என்றாள் மேரிசெல்வி. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பாஞ்சாலை கையெழுத்துப் போட்டார். மேரிசெல்வி ஃபார்மைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

இங்கே நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். 'அம்மா, அந்த வார்த்தைக்கு ரெண்டாவது அர்த்தம் ஒன்று உண்டு.' பத்தடி தூரம்தான். புல்தரையில் அவ்வளவு பெரிய தத்துவம் பேசிய வாய்க்கு இது பெரிய வாக்கியம் இல்லை.

சொல்லவில்லை. கூச்சம் என்று எழுதினேன், அடித்தேன். இரக்கம் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். காட்சி நன்றாக அமைந்திருந்தது, கெடுக்க மனம் வரவில்லை. இதை மட்டும் அடிக்காமல் விடுகிறேன்.

8

ஆசிரியருக்குப் போன் செய்தேன். கதையைக் கேட்டார்.

"பிரமாதம் சார்! ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமும் வந்துடுச்சு. முடிவு?"

"மூணு வச்சிருக்கேன்."

"சொல்லுங்க."

"முதலாவது. மேலாளருக்கு விஷயம் தெரியுது. இவ்வளவு ஆர்வமுள்ள பொண்ணையா அனுப்பினோம்னு வருத்தப்பட்டு வேலை குடுத்துடறார்."

"நல்லா இருக்கே!"

"எனக்குக் கூசுதுங்க. ரெண்டாவது. திங்கட்கிழமை சாயங்காலம் மேரிசெல்வி தலை நெறைய பூவோட கேட்டுக்கு வர்றா. வாட்ச்மேன் பட்டியல்ல பேரு இல்லைன்னு திருப்பி அனுப்பறான்."

"கண்ணீர். இதுவும் ஓகே. மூணாவது?"

"எழுத்தாளர் போய் ரெண்டு பேர்கிட்டயும் உண்மையச் சொல்றார்."

"சொன்னா?"

"பாஞ்சாலை ஃபார்மக் கிழிச்சிப் போட்டுட்டு, ரெண்டு பேரும் பாத்திக்குத் திரும்பிடறாங்க. அடுத்த மழைக்குள்ள அந்தம்மா கண்ணு போயிடுது."

"மூணாவது வேணாம் சார். எழுத்தாளர் எதுவும் செய்யாம இருக்கறதுதான் நல்லதுன்னு தோணுது" என்றார்.

என்னைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல விமர்சனம். இன்னும் கன்ஃபர்ம் என்ற வார்த்தை பாக்கி இருக்கிறது என்றும் ஞாபகப்படுத்தினார்.

9

திங்கட்கிழமை காலை விடுதியை விட்டுக் கிளம்பினேன். நீல யூனிஃபார்மில் பாஞ்சாலை தாழ்வாரத்தில் தள்ளுவண்டியோடு போனார். வண்டியில் வெள்ளை விரிப்புகள் அடுக்கியிருந்தன. என்னைப் பார்த்து, "குட் மார்னிங் கெஸ்ட்டு!" என்றார்.

மரக்காணம் தாண்டும்போது சாலையோரம் உப்பளம். கண் கூசியது. காருக்குள்ளேயே கூசியது. வரப்பின் மேல் வரிசையாகப் பெண்கள் கூடையோடு போய்க்கொண்டிருந்தார்கள். நாலாவது ஆளைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

மேரிசெல்வி. தலையில் கூடை. கூட ஜோடியாக வேறு யாரோ ஒரு பெண்.

எனக்குள் எழுத்தாளன் துள்ளினான். அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்! ஏமாற்றம், கண்ணீர், கிழிந்த நோட்டு! இறங்கி வரப்பில் தள்ளாடித் தள்ளாடி நடந்தேன். அவள் கூடையைக் கரையில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"அம்மா, என்ன மன்னிச்சிடுங்க. சனிக்கிழமை நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்த டர்ன் டவுனுக்கு…"

"ரெண்டாவது அர்த்தம் வேணாம்னு சொல்றது" என்றாள்.

நான் வரப்பில் இருந்து வழுக்கினேன். ஒரு கால் பாத்திக்குள் போய்விட்டது.

"எப்பத் தெரியும்?"

"நீங்கதான சார் சொன்னீங்க, ரெண்டாவதப் பாக்கணும்னு? அன்னிக்கே வூட்டுக்குப் போயி அறுபதுக்கும் போன்ல தட்டிப் பாத்துட்டேன். கால எடுங்க சார், உப்பு கலங்குது."

காலை எடுத்தேன். பத்து வார்த்தைகளும் தலைக்குள் இடம் மாறி உட்கார்ந்தன. சித்தார்த்தன் மேசை முன்னால் அவள் நின்ற அந்த ஒரு நொடி. தேங்க்யூ. சிரிப்பு. 'மணி ஆவுது.'

"பாஞ்சாலையம்மாவுக்குத் தெரியாம எத்தனை நாளைக்கு? ஊருக்குள்ள யாராச்சும் சொல்லிட மாட்டாங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லுவாங்க. ஒரு வாரம் தாண்டட்டும் சார், போதும். ஒரு வாரம் நெழல்ல இருந்துட்டா அதுக்கப்புறம் வந்து இந்த வெயில்ல நிக்கவே முடியாது அதால. திட்டும். ஒரு மாசம் பேசாது. திட்டிக்கிட்டே அங்கதான் வேலைக்குப் போவும்." கூடையின் விளிம்பில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டினாள். "நீங்க பத்திரிகையில எழுதறவராமே. வாட்ச்மேன் சொன்னாரு. இப்பப் போட்டுடாதீங்க. அக்காவுக்கு வேல கன்ஃபர்ம் ஆவட்டும்."

(ஆக, பத்தாவது வார்த்தையையும் அவளே செருகிவிட்டாள். எனக்கு மிச்சமிருந்த வேலை தட்டச்சு செய்வதுதான். அவள் கேட்டபடி காத்திருந்து, ஆறு மாதம் கழித்து, பெயர்களை எல்லாம் மாற்றித்தான் இதை அனுப்புகிறேன்.)

முடிவு என்று தனியாக எதையும் எழுதப் போவதில்லை. ஒரு வாரம் தாண்டியதா, பாஞ்சாலை திட்டினாரா, திட்டிவிட்டு வேலைக்குப் போனாரா, திரும்பி வந்து பழையபடி கூடையின் மறுபக்கத்தைப் பிடித்தாரா என்பதை வாசகர்களே சந்தர்ப்பத்தை வைத்துப் புரிந்துகொள்ளவும். என்னிடம் இருந்த மூன்று முடிவுகளிலும் நான் அவளை முட்டாளாகவே வைத்திருந்தேன். நாலாவதாக ஒன்றை எழுத எனக்குத் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனாலும் அன்று கிளம்பும்போது எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. தோற்றுப்போன ஆள் கடைசியாக ஒரு அறிவுரை சொல்லிவிட்டுப் போகப் பார்ப்பானே, அந்தப் புத்தி.

"இருந்தாலும் அவ்ளோ நம்பற அக்காகிட்ட பொய் சொல்லலாமாம்மா?"

மேரிசெல்வி கூடையை எடுத்துக்கொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னைப் பார்த்தாள்.

"தமிழ்ல சொல்லியிருந்தாத்தான் சார் பொய் சொல்லியிருப்பேன். இங்கிலீஷ்ல உண்மையத்தானே சொன்னேன்?"